பின் நம்பர் போனிலேயே இருந்தது, போன பணம் வருமா?

வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊரையும் விட்டுவிடுகிறேன். விஷயம் இதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை கும்பகோணத்தில் ஜவுளி எடுத்துக்கொண்டு மன்னார்குடி பஸ்ஸில் ஏறியிருக்கிறார். நிற்கவே இடமில்லாத கூட்டம். கட்டைப்பையில் துணிக்கு மேலே வைத்திருந்த செல்போன், ஊரில் இறங்கிப் பார்த்தபோது இல்லை. பக்கத்து வீட்டு போனிலிருந்து கூப்பிட்டால் இரண்டு முறை மணி அடித்தது, அப்புறம் ஸ்விட்ச் ஆஃப். "திங்கள்கிழமை கடை திறந்ததும் சிம் வாங்கிக்கலாம்" என்று மகன் சொல்லியிருக்கிறான். சனிக்கிழமை காலை வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாக 20,000 ரூபாய், சற்று நேரத்தில் இன்னொரு 9,500. அன்று மாலை ஏடிஎம் போனபோதுதான் தெரிந்தது. உடனே பக்கத்து வீட்டு போனில் வங்கியின் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு, போன் திருடு போனது, பணம் குறைந்தது இரண்டையும் சொல்லியிருக்கிறார். கார்டை பிளாக் செய்துவிட்டதாகச் சொன்னார்கள். இருந்தும் ஞாயிறு மதியம் மேலும் 6,000 போனது.

திரையைத் திறக்க 'எல்' வடிவக் கோடு. ஏடிஎம் பின் நம்பர் 'ஏடிஎம் அக்கா' என்ற பெயரில் ஒரு போன் நம்பராகப் பதிவு செய்யப்பட்டிருந்தது, கடைசி நான்கு எண்தான் பின். யுபிஐக்கும் அதே நான்கு எண். கேலரியில் கணவன் மனைவி ஆதார், பான், கார்டின் இரு பக்கம், சிட்டா அடங்கல், பாஸ்புக் முதல் பக்கம். இவர் மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநர் என்பதால் பன்னிரண்டு உறுப்பினர்களின் ஆதார் நகலும் அதில் இருந்திருக்கிறது. அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் இதே கணக்குக்குத்தான் வர வேண்டும், இன்னும் ஏறவில்லை.

"பின் நம்பரை நானே போனில் வைத்திருந்தேன், எல்லாம் என் தப்பு, வங்கியில் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கணக்கை மூடிவிடவா? நம்பரையே மாற்றிவிடவா?" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, இதழ் வரும்வரை காத்திருக்க முடியாதவற்றை உங்கள் மகனின் மின்னஞ்சலுக்கு அன்றே எழுதிவிட்டேன். இங்கே விரிவாகச் சொல்வது உங்களுக்கும், நாளை இதே பஸ்ஸில் ஏறப்போகிறவர்களுக்கும்.

மூன்று முறை போன பணம், மூன்றும் ஒன்றல்ல

மொத்தம் 35,500 என்று ஒரே தொகையாக எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தின் கண்ணில் அது இரண்டு பங்கு. சனிக்கிழமை மாலை நீங்கள் வங்கிக்குச் சொன்ன நேரம்தான் கோடு. அதற்கு முன்னால் போனது 29,500, பின்னால் போனது 6,000.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனையில் நஷ்டம் யாருக்கு என்பதைத் தெளிவாகச் சொல்கிறது. தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் கிடையாது. தவறு வங்கியுடையதும் இல்லை, வாடிக்கையாளருடையதும் இல்லை, வேறெங்கோ நடந்தது என்றால், பணம் போனது பற்றி வங்கியிடமிருந்து தகவல் வந்ததிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் அப்போதும் நஷ்டம் இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 வரை நம் தலையில் விழும். வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால், அதாவது பின்னையோ ஓடிபியையோ பகிர்ந்தது போன்றவை, வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரையிலான நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு நடக்கும் நஷ்டம் வங்கியுடையது. கவனக்குறைவு இருந்தாலும் இந்தக் கடைசி வரி மாறாது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை போன 6,000 ரூபாயைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். உங்கள் தரப்பு அதில் பலமானது. கார்டை பிளாக் செய்தால் யுபிஐ நிற்காது. யுபிஐ ஓடுவது கணக்கு, சிம், பதிவு செய்த போன் ஆகியவற்றை வைத்து, பிளாஸ்டிக் அட்டையை வைத்து அல்ல. போன் திருடு போய்ப் பணமும் போயிருக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது, யுபிஐயையும் மொபைல் பேங்கிங்கையும் சேர்த்து நிறுத்துவது வங்கியின் வேலை. அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது.

சனிக்கிழமை சொன்னதற்கு என்ன சாட்சி என்று கேட்பார்கள். புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வரும் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது போய்ச் சேர்ந்தது திருடன் கையில் இருந்த சிம்முக்கு! பரவாயில்லை. பக்கத்து வீட்டு போனின் அழைப்புப் பட்டியலில் கஸ்டமர் கேர் நம்பர், தேதி, நேரம், எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்பது இருக்கும். அதை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அழைப்பின் ஒலிப்பதிவைப் பத்திரப்படுத்தி வைக்கும்படி வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள். ஏடிஎம்மில் எடுத்த மினி ஸ்டேட்மெண்ட் சீட்டை உடனே ஜெராக்ஸ் எடுங்கள். அந்தத் தாளில் எழுத்து சில வாரத்தில் மங்கிவிடும். வழக்கு நேரத்தில் வெள்ளைத் தாளை நீட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மீதி 29,500 கொஞ்சம் கடினம். பின்னைப் போனில் எழுதி வைத்ததைக் கவனக்குறைவு என்றுதான் வங்கி சொல்லும். நாம் சொல்ல வேண்டியது: "நான் யாரிடமும் பின்னைச் சொல்லவில்லை, ஓடிபி கொடுக்கவில்லை, எந்த லிங்க்கையும் தொடவில்லை, போன் திருடப்பட்டது." பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமை வங்கியின் மீது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. கவனக்குறைவு இருந்தாலும் வங்கி விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. எனவே முழுத் தொகைக்கும் புகார் கொடுங்கள், ஆனால் இரண்டு பங்காகப் பிரித்து எழுதுங்கள். 6,000 உறுதி, 29,500 கேட்டுப் பார்க்க வேண்டியது என்று மனதில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும்.

'ஏடிஎம் அக்கா'வைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புகாரில் நீங்களாக எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. கேட்டால் இல்லை என்று மறுக்காதீர்கள். வங்கியிடம் ஒன்று, காவல் நிலையத்தில் ஒன்று என்று இருந்தால், நியாயமாக வர வேண்டிய 6,000 கூடச் சந்தேகத்தில் சிக்கிக்கொள்ளும்.

புகாரை வங்கிக் கிளையில் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தெரிவித்த பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனுக்கு, அதாவது குறைதீர்ப்பாளருக்கு, போகலாம். செலவில்லை, வக்கீலும் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் தமிழிலேயே வழி கேட்கலாம்.

சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு இனி அழைத்துப் பயனில்லை என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் சில மணி நேரத்தில் அழைத்திருந்தால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அதிகம் இருந்திருக்கும், அது உண்மை. ஆனால் இப்போதும் அழையுங்கள். கணக்குக் கணக்காகக் கைமாறும் பணம் ஏதோ ஓரிடத்தில் எடுக்கப்படாமல் கிடப்பதுண்டு. அங்கே தரும் ஒப்புகை எண் வங்கிப் புகாருக்கும் பலம் சேர்க்கும்.

கணக்கை மூடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கொள்முதல் நிலையத்தில் கொடுத்திருப்பது இந்தக் கணக்கு எண். மூடிவிட்டால் நெல் பணம் திரும்பிப் போய், அதற்குப் பிறகு யார் பின்னால் அலைவது? பணம் உள்ளே வரலாம், வெளியே போகக் கூடாது என்றபடி 'டெபிட் ஃப்ரீஸ்' போடச் சொல்லுங்கள். கிளையில் ஒரு கடிதம் போதும். கூட்டுக் கணக்கு என்பதால் உங்கள் கணவரும் கையெழுத்துப் போடட்டும். புதிய கார்டு, புதிய பின் எல்லாம் வந்த பிறகு எடுத்துவிடலாம்.

நம்பரை விட்டுவிடாதீர்கள்

"அந்த ராசியில்லாத நம்பரே வேண்டாம்" என்று உறவினர்கள் சொல்கிறார்களாம். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். குடும்ப அட்டை, காஸ் புக்கிங், மகளிர் உரிமைத் தொகை வரும் கணக்கு, ஆதார், குழுக் கணக்கு எல்லாம் அந்த நம்பரில் கட்டுண்டு கிடக்கின்றன. நீங்கள் விட்டுவிட்டால், முடக்கப்பட்ட நம்பர் 90 நாள் கழிந்த பின் வேறொருவருக்குப் போகலாம். உங்கள் கணக்கின் ஓடிபி அவர் போனில் மணி அடிக்கும்.

திருடனுக்கு எட்டாயிரம் ரூபாய் போனைவிட அந்தச் சிம்தான் பெரிய சொத்து. திரை திறக்கவில்லை என்றாலும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அவன் கைக்கு. கார்டின் படமும் கையில் இருந்தால், கடைசி ஆறு எண், காலாவதி மாதம், ஓடிபி இந்த மூன்றை வைத்தே சில வங்கிகளில் புது யுபிஐ பின் போட்டுவிடலாம். போன் போனது தெரிந்த அடுத்த நிமிடம் செய்ய வேண்டிய முதல் வேலை, யார் போனிலிருந்தாவது சிம் நிறுவனத்துக்கு அழைத்துச் சிம்மை முடக்குவது. அதற்குக் கடை திறக்க வேண்டியதில்லை. திங்கள்கிழமை வரை பொறுத்ததுதான் இந்தக் கதையில் பெரிய செலவு. மகனைத் திட்டாதீர்கள், பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

திங்களன்று வாங்கிய சிம்மில் எஸ்எம்எஸ் வரவில்லை, சிம் பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழுதில்லை. மாற்றுச் சிம் இயங்கத் தொடங்கிய முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகவும் செய்யாது, வரவும் செய்யாது. யாராவது ஏமாற்றி உங்கள் பெயரில் சிம் வாங்கினால் உடனே ஓடிபி கிடைத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இந்த 24 மணி நேரத்தில் வாட்ஸ்அப்பை மட்டும் மீட்டுவிடலாம். எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் அழைப்பு வழியாக எண்ணைச் சொல்லும் வசதி அதில் உண்டு. நீங்கள் பதிவு செய்தவுடன் பழைய போனில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும். சிம் முடங்கினாலும் வைஃபையில் அது ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் இதை விட்டுவிடக் கூடாது. இருபடிச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க எண் கேட்டால், அது நீங்கள் போட்டதில்லை என்றால், திருடன் போட்டிருக்கலாம். ஏழு நாள் பொறுத்தால் மாற்ற முடியும். அந்த ஏழு நாளும் அவனாலும் உங்கள் பெயரில் பேச முடியாது.

புதிய போனில் யுபிஐ தொடங்கினால் முதல் நாள் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. அதுவும் பழுதல்ல. அப்புறம், சிம்முக்கே ஒரு பின் போடும் வசதி போன் அமைப்புகளில் இருக்கிறது. போட்டுக்கொண்டால் சிம்மைக் கழற்றி வேறு போனில் செருகினாலும் திறக்காது. நிறுவனம் முதலில் வைத்திருக்கும் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு மாற்றுங்கள். குத்துமதிப்பாக மூன்று முறை தவறாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும்.

தேடுவதா, அழிப்பதா

உங்கள் மகன் கூகுள் கணக்கில் பார்த்தபோது போன் கடைசியாகக் கும்பகோணத்தில் ஒரு வட்டத்துக்குள் காட்டியதாம். போனை அழித்துவிட்டால் இடம் தெரியாதே என்று தயங்குகிறான். அழித்துவிடச் சொல்லுங்கள். அந்த வட்டத்துக்குள் நூறு வீடு இருக்கும், இரண்டு பையன்கள் பைக்கில் போய் எந்தக் கதவைத் தட்டுவார்கள்? இடம் காட்டிய திரையை மட்டும் படம் எடுத்துக் காவல் நிலையத்தில் கொடுக்கட்டும். அதே பக்கத்தில் போனின் ஐஎம்இஐ எண்ணும், அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணும், கிடைக்கும். அந்த எண் அச்சிட்ட டப்பா தொலைந்துவிட்டது என்ற கவலை தீர்ந்தது. தொடர்புகளும் படங்களும் கணக்கில் சேமிப்பாகியிருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அழிக்கும் கட்டளையைக் கொடுக்கட்டும். போன் அணைந்திருந்தாலும், அடுத்த முறை இணையத்துக்கு வந்ததும் அது வேலை செய்யும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெமரி கார்டில் இருப்பது இதில் அழியாமல் போகலாம். அதைக் கழற்றி எந்தப் போனில் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆகவே படங்கள் வெளியே போய்விட்டன என்றே வைத்துக்கொண்டு மற்ற காரியங்களைச் செய்யுங்கள். கூகுள் கடவுச்சொல்லை மாற்றுவது, மீட்பு எண் யாருடையது என்று பார்ப்பது, பழைய போனைக் கணக்கிலிருந்து வெளியேற்றுவது மூன்றும் ஒரே அமர்வில் முடிகிற வேலை. வெளியேற்றுவதை அழிக்கும் கட்டளைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

"தவறவிட்டேன் என்று எழுதுங்கள்"

காவல் நிலையத்தில் இப்படிச் சொன்னதாகவும், பஸ் ஏறிய இடம் தஞ்சாவூர் மாவட்டம், இறங்கிய இடம் திருவாரூர் மாவட்டம் என்பதால் எங்கள் எல்லையில்லை என்று இரு பக்கமும் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. ஜீரோ எப்.ஐ.ஆர். என்பது இதுதான். பதிவு செய்துவிட்டு உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. எப்.ஐ.ஆர். நகல் இலவசம். மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். பெரும்பாலும் எஸ்.பி. பெயர் எழுதிய கவரைப் பார்த்ததுமே காரியம் நடந்துவிடும்!

'தவறவிட்டேன்' என்று எழுதினால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது சீக்கிரம் கிடைக்கும், போனை முடக்கவும் அது உதவும். ஆனால் உங்களிடமிருந்து போனும் பணமும் இரண்டும் போயிருக்கின்றன. தவறவிட்ட போன் என்று நீங்களே எழுதிக் கொடுத்த தாள், நாளை வங்கியின் கோப்பில் உங்களுக்கு எதிராக உட்கார்ந்திருக்கும். பாரதிய நியாய சன்ஹிதா 303இன் கீழ்த் திருட்டு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி (அடையாளத் திருட்டு), 66டி (ஆள்மாறாட்ட மோசடி) என்று புகாரிலேயே குறிப்பிடுங்கள். பணம் போன விஷயத்துக்கு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தையும் அணுகலாம்.

அந்தப் புகார் நகல், ஐஎம்இஐ எண், அடையாள அட்டை, மாற்றுச் சிம் இவற்றோடு தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், தொலைந்த போனை முடக்குவதற்கென உள்ள சிஇஐஆர் பக்கத்தில் விண்ணப்பித்தால், அந்தப் போன் நாட்டில் எந்தச் சிம்மிலும் வேலை செய்யாது. இதே தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் பார்க்கலாம். ஒரு மாதம் கழித்து மறுபடி ஒருமுறை பாருங்கள்.

ஆதாரும் குழுவும்

ஆதார் நகல் போனாலே கணக்கு காலியாகிவிடும் என்ற பயம் ஊரெங்கும் இருக்கிறது. வெறும் நகலை வைத்து யாரும் பணம் எடுக்க முடியாது, கைரேகையோ ஓடிபியோ வேண்டும். ஓடிபி வரும் போன் நம்பர் இப்போது உங்களிடம் இருக்கிறது. கைரேகையையும் பூட்டி வைக்கலாம், அதற்கான வசதி ஆதார் தளத்தில் உண்டு. ஆனால் பூட்டியபடி ரேஷன் கடைக்குப் போனால் விரல் வைத்தாலும் ஏற்காது. முதல் நாள் திறந்துவிட்டுப் போங்கள். பான், ஆதார் இரண்டும் போயிருப்பதால் உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று ஓரிரு மாதம் கழித்துக் கடன் அறிக்கையைப் பாருங்கள். கடன் விவரங்களைப் பதிந்து வைக்கும் சிபில் போன்ற நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

குழுவில் சொன்னால் ஊக்குநர் பொறுப்பு போய்விடுமோ என்று தயங்குகிறீர்கள். சொல்லிவிடுங்கள், இந்த வாரக் கூட்டத்திலேயே. குழுக் கணக்கு கூட்டுக் கையெழுத்தில் நடப்பது, உங்கள் போனை வைத்து அதில் கடன் எடுக்க முடியாது என்று முதலில் சொல்லுங்கள். யார் யாருடைய ஆதார் நகல் போனில் இருந்தது என்ற பட்டியலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் நம்பரிலிருந்து "அவசரம், பணம் போடு" என்று செய்தி வந்திருந்தால் யாரும் அனுப்பியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். மறைத்து வைத்துப் பின்னால் ஒருத்தியின் பெயரில் ஏதாவது நடந்தால், அப்போதுதான் உங்கள் மேல் பழி விழும்.

கடைசியாக, போன் தன்னிடம் இருப்பதாகவும் 2,000 ரூபாய் அனுப்பினால் கூரியரில் அனுப்புவதாகவும், 'லாக்' எடுக்க உங்கள் சிம்முக்கு வரும் எண்ணைச் சொல்லும்படியும் மகனை ஒருவர் கூப்பிட்டாராம். பணமும் அனுப்பாதீர்கள், எண்ணும் சொல்லாதீர்கள். சனிக்கிழமைவரை நீங்கள் யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை என்பதுதான் வங்கியிடம் உங்கள் வாதமே. இப்போது சொன்னால் அதுவும் போய்விடும். அவர் கூப்பிட்ட நம்பரையும் நேரத்தையும் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள். உண்மையிலேயே கண்டெடுத்தவர் என்றால் பக்கத்துக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். போன் திரும்பி வந்தால் சிஇஐஆர் தடையை அதே தளத்தில் நீக்கிக்கொள்ளலாம்.